பெண்ணுக்கும் பையனுக்கும் ஒரே ஊசிதானா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிக்கு அரைத்துக் கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் போன் அடித்தது காதிலேயே விழவில்லை. மூன்றாம் தடவை எடுத்தால், கென்யாவிலிருந்து என் தங்கை பெண்! விக்டோரியா ஏரிக் கரையில் கிசுமு என்று ஓர் ஊர். அதற்குப் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் அவள் கணவருக்கு வேலை. கல்யாணமாகிப் போனதிலிருந்து அங்கேதான் குடித்தனம். ஒரு பையன், ஒரு கைக்குழந்தை.

"பெரியம்மா, ஒரு சந்தேகம். அம்மாகிட்டே கேட்டா பயந்துடுவா. அதான் உங்களைக் கேக்கறேன்."

"சொல்லு, என்ன?"

"பாப்பாவுக்கு அடுத்த வாரம் ஆறு மாசம் முடியறது. இங்கே ஆறாம் மாசம் மலேரியாவுக்குத் தடுப்பு ஊசி போடணும். பெரியவனுக்கு எல்லாம் ஒழுங்கா போட்டாச்சு. நன்னாத்தான் இருக்கான். ஆனா இந்த ஊசி பெண் குழந்தைகளுக்கு ஆகாது, போட்டுண்ட பெண் குழந்தைகள்தான் அதிகமா செத்துப் போச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரி சொல்றா. இவரைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். ஏதோ ஆராய்ச்சியில அப்படித்தான் இருக்காம்."

"டாக்டரைக் கேட்டியா?"

"கேட்டேனே. 'அதெல்லாம் பழைய கதை, பயப்படாதீங்க'ன்னு ஒரே வரியில முடிச்சுட்டார். பழைய கதைன்னா, ஒரு காலத்துல நிஜமா இருந்ததுன்னுதானே அர்த்தம்?"

எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. "நாலு நாள் டயம் கொடு" என்று சொல்லிப் போனை வைத்தேன். குழந்தை வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் போய் உட்கார்ந்து, ஆராய்ச்சிக் கட்டுரைகளை எடுத்துத் தரச் சொல்லி, புரியாத இடங்களை எல்லாம் தொந்தரவு செய்து கேட்டுத் தெரிந்து கொண்டேன். அதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். நம் ஊரில் இந்த ஊசி இல்லையே என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பெண் உடம்பு எந்தத் தடுப்பு ஊசியை எப்படி எடுத்துக் கொள்கிறது என்பது நம் எல்லோருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

முதலில் அந்த ஊர்க் காய்ச்சலைப் பற்றி. நம் பக்கத்தில் மலேரியா என்றால் குளிர், நடுக்கம், மாத்திரை, ஒரு வாரப் படுக்கை என்றுதான் பெரும்பாலோருக்கு ஞாபகம் வரும். ஆப்பிரிக்காவில் பரவுவது ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை. குழந்தையின் ரத்தத்தை உறிஞ்சி வெளுக்க வைத்துவிடும். மூளைக்கு ஏறினால் வலிப்பு, மயக்கம். 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதிலும் சுமார் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் மலேரியாவால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களிலும் முக்கால்வாசி ஐந்து வயது நிரம்பாத பச்சைக் குழந்தைகள். என் தங்கை பெண் இருக்கும் ஏரிக்கரைப் பிரதேசம் கென்யாவிலேயே மலேரியா மிக அதிகமான இடம். ஊசி வேண்டாம் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்த ஊசிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் ஆர்.டி.எஸ்.,எஸ். வியாபாரப் பெயர் மாஸ்குயிரிக்ஸ். கொசு கடித்ததும் மலேரியாக் கிருமி நம் ரத்தத்தில் அதிக நேரம் சுற்றுவதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் கல்லீரலுக்குள் போய் ஒளிந்து கொள்கிறது. அங்கே பல்கிப் பெருகி வெளியே வந்த பிறகுதான் ஜுரம். ஆகவே அது கல்லீரலுக்குப் போகும் வழியிலேயே மடக்க வேண்டும். கிருமியின் மேல் சட்டை போல் ஒரு புரதம் இருக்கிறது. அதில் ஒரு துண்டை எடுத்து, மஞ்சள் காமாலைத் தடுப்பு ஊசியில் உள்ள ஹெபடைடிஸ் பி புரதத்தோடு ஒட்டி, உடம்புக்கு முன்கூட்டியே காட்டி வைக்கிறார்கள். பிறகு அசல் கிருமி வந்தால் உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும்.

வெறும் புரதத்தைக் காட்டினால் உடம்பு அவ்வளவாகச் சட்டை செய்வதில்லையாம். அதை உசுப்பிவிட ஒரு துணைப்பொருள் சேர்க்கிறார்கள். அதில் ஒன்று சிலி நாட்டில் வளரும் கில்லாயா என்ற மரத்தின் பட்டையிலிருந்து எடுப்பது. நம் பூந்திக்கொட்டையைப் போல அந்தப் பட்டையும் தண்ணீரில் போட்டுத் தேய்த்தால் நுரைக்கும்! அந்த ஊர்க்காரர்கள் அதைச் சோப்பாகவே உபயோகித்திருக்கிறார்கள். இந்தத் துணைப்பொருளை ஏன் விவரமாகச் சொல்கிறேன் என்றால், உடம்பை 'உசுப்பும்' விஷயத்தில்தான் பெண்ணுக்கும் ஆணுக்கும் வித்தியாசம் வருகிறது.

அந்தப் பழைய கதை

2009இலிருந்து 2014 வரை ஆப்பிரிக்காவில் ஏழு நாடுகளில் 15,459 குழந்தைகளை வைத்து இந்த ஊசிக்குப் பெரிய சோதனை நடந்தது. கென்யாவில் நடந்த இடங்களில் கொம்பேவாவும் சியாயாவும் என் தங்கை பெண் வீட்டுப் பக்கம்தான். சிலருக்கு இந்த ஊசி; சிலருக்கு வேறு நோய்க்கான ஊசி. யாருக்கு எது என்று தாய்க்கும் தெரியாது, பரிசோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது. பாரபட்சம் வரக்கூடாதே, அதற்காக.

2015இல் வந்த முடிவு சுமார் ரகம்தான். ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நாலு ஊசியும் போட்டால், நாலு வருஷத்தில் மலேரியா ஜுரங்களில் நூற்றுக்கு 36 தவிர்ந்தன. அம்மை ஊசி மாதிரி 'போட்டால் வராது' என்று அடித்துச் சொல்லக் கூடியதல்ல. ஆனால் வருஷத்துக்கு நாலைந்து தடவை மலேரியா வரும் ஊரில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் தாய்மாருக்கு அது பெரிய விஷயம். மூன்று ஊசியோடு நிறுத்தியவர்களுக்கு, உயிருக்கு ஆபத்தான கடும் மலேரியாவிலிருந்து முடிவில் அனேகமாகப் பாதுகாப்பே மிஞ்சவில்லை! நாலாவதும் போட்டவர்களுக்குத்தான் அது சுமார் 32 சதவிகிதம் குறைந்தது.

முடிவுகளில் மூன்று இடங்கள் எல்லோருக்கும் உறுத்தின. ஊசி போட்ட சற்றுப் பெரிய குழந்தைகளில் 21 பேருக்கு மூளைச் சவ்வு அழற்சி வந்திருந்தது. வேறு ஊசி போட்ட கூட்டத்தில் ஒரே ஒருவருக்குத்தான். மூளைக்கு ஏறும் மலேரியாவும் ஊசி போட்டவர்களிடம் கொஞ்சம் அதிகம். மூன்றாவதுதான் நம் விஷயம். எந்தக் காரணத்தால் வந்த சாவானாலும் சேர்த்து எண்ணி, அதைப் பெண், பையன் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். பையன்களிடம் ஊசி போட்டவர்கள், போடாதவர்கள் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. சொல்லப் போனால் ஊசி போட்ட பக்கம் சற்றுக் குறைவு. பெண் குழந்தைகளிடமோ ஊசி போட்டவர்களின் சாவு, போடாதவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. துல்லியமாகச் சொன்னால் 1.91 மடங்கு.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாப்ரா க்ளைன் என்ற பெண் விஞ்ஞானியும் அவரோடு வேறு சிலரும் சேர்ந்து 2016இல் இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார்கள். என் தங்கை மாப்பிள்ளை தேடிப் பிடித்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆக, பக்கத்து வீட்டுக்காரி கதை கட்டவில்லை.

பெண்ணையும் பையனையும் சேர்த்து ஒரே கூட்டாகக் கூட்டிப் போட்டிருந்தால் இது கண்ணில் பட்டே இருக்காது என்பதைக் கவனித்தீர்களா? ஒரு பக்கம் கொஞ்சம் குறைவு, மறு பக்கம் அதிகம். கூட்டினால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். அப்படியிருக்க, பிரித்துப் பார்க்கவேண்டும் என்று இவர்களுக்குத் தோன்றியது எப்படி? அதற்குக் காரணம் இன்னும் பழைய கதை ஒன்று.

சூடு கண்ட பூனை

தட்டம்மை ஊசி ஒன்பதாம் மாதம் போடுவது வழக்கம். அதற்கு முன்னாலேயே குழந்தைகள் அம்மை கண்டு இறந்து போகும் ஊர்களுக்கு என்று, வீரியத்தைப் பல மடங்கு கூட்டி, ஆறாம் மாதமே போடக் கூடிய ஒரு தனி ஊசியை 1989இல் உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்தது. ஊசி நன்றாகவே வேலை செய்தது. அம்மை வரவில்லை. ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல், கினி பிசாவு நாடுகளில் ஊசி போட்ட பெண் குழந்தைகள் பின்னால் வேறு வேறு நோய்களில் அதிகமாக இறந்தன. பையன்களுக்கு அப்படி இல்லை. 1992இல் அந்த ஊசியை நிறுத்தி விட்டார்கள்.

இந்த இடத்தில் இளம் தாய்மார்கள் பதறக் கூடாது. நம் குழந்தைகளுக்குப் போடும் அம்மை ஊசி அது அல்ல. அந்த அதிவீரிய ஊசி 1992க்குப் பிறகு எங்குமே கிடையாது. இன்று போடும் சாதாரண அம்மை ஊசி பெண் குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றுகிறது.

கினி பிசாவுவில் இதைக் கண்டுபிடித்தவர் பீட்டர் ஆபி என்ற டேனிஷ்காரர். அவர் டாக்டர் கூட இல்லை. மானிட இயல் படித்தவர். 1978இல் அந்த நாட்டுக்குப் போனவர், வீடு வீடாகக் குழந்தைகளை எண்ணும் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கி, எந்தக் குழந்தை பிறந்தது, எந்த ஊசி போட்டது, எது இருக்கிறது, எது போயிற்று என்று நோட்டுப் போட்டு வைத்தார். ஊசிகளைப் பற்றி அவர் பின்னாளில் சொல்லியிருக்கும் எல்லாவற்றையும் மற்ற விஞ்ஞானிகள் ஒப்புக் கொள்வதில்லை. அவருடைய முறைகளைப் பற்றிக் கடுமையான கண்டனங்களும் உண்டு. ஆனால் அம்மை ஊசி விஷயத்தில் அவர் எண்ணிக்கைதான் முதலில் மணி அடித்தது. 2016இல் க்ளைனோடு சேர்ந்து மலேரியா ஊசியைப் பற்றி எழுதியவர்களில் இவரும் ஒருவர்.

நம் உடம்பு அப்படி

"பெண்ணும் பையனும் ஒரே சாப்பாடு, ஒரே ரத்தம். ஊசியில் மட்டும் என்ன வித்தியாசம்?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். சிரித்தார். "ஒரே ரத்தமா? யார் சொன்னது?" என்றார்.

பெண் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி பொதுவாக ஆணுடையதை விடச் சுறுசுறுப்பானதாம். அதற்கு ஒரு காரணம் க்ரோமோசோம். எக்ஸ் என்ற க்ரோமோசோம் நமக்கு இரண்டு, ஆணுக்கு ஒன்று. எதிர்ப்புச் சக்தி சம்பந்தமான பல ஜீன்கள் அதில்தான் இருக்கின்றன. நமக்குள் ஒவ்வொரு அணுவிலும் இரண்டில் ஒன்று தூங்கிக் கொண்டிருக்கும். ஆனால் முழுத் தூக்கமில்லை. கதவைச் சாத்தினாலும் இடுக்கு வழியாக வெளிச்சம் வருகிற மாதிரி, சில ஜீன்கள் அதிலிருந்தும் வேலை செய்கின்றன. இன்னொரு காரணம் ஹார்மோன். பெண்மைக்கான ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறது. ஆண்மைக்கான டெஸ்டோஸ்டிரோன் அதை அடக்கி வைக்கிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அமெரிக்காவில் ஃப்ளூ ஜுரத்துக்கான ஊசியைப் பாதி அளவு போட்டுப் பார்த்தார்கள். பாதி அளவு போட்டுக் கொண்ட பெண்களின் ரத்தத்தில், முழு அளவு போட்டுக் கொண்ட ஆண்களின் ரத்தத்தில் இருந்த அளவுக்கே எதிர்ப்புப் பொருள் உண்டாயிற்று! இது 2008இல் வெளியான முடிவு. ஆனாலும் இன்று வரை இருவருக்கும் ஒரே அளவுதான் போடுகிறார்கள். ஊசி போட்ட மறுநாள் கை வீங்கி, ஜுரம் வந்து நாம் படுத்துக் கொண்டால், "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, உனக்கு மட்டும் என்ன?" என்று வீட்டு ஆண்கள் கேலி செய்வார்களே, அவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

சுறுசுறுப்புக்கு நாம் கொடுக்கும் விலையும் உண்டு. எதிர்ப்புச் சக்தி எல்லை மீறித் தன் உடம்பையே தாக்கும் வியாதிகள் பெண்களைத்தான் அதிகம் பிடிக்கின்றன. லூபஸ் என்ற நோய் வந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். முடக்கு வாதமும் அப்படித்தான், நமக்கு இரண்டு மூன்று மடங்கு. ஆண்களுக்கு மட்டும் வரும் தொல்லைகள் இல்லையா என்றால், இருக்கின்றன. கோவிட் ஊசிகளில் ஒரு ரகத்தைப் போட்ட பிறகு அபூர்வமாக இதயத் தசை அழற்சி வந்தது பெரும்பாலும் வாலிபப் பையன்களுக்குத்தான். ஆகவே தனிக் கணக்கு என்பது பெண்ணுக்குச் செய்யும் சலுகை அல்ல. பையனுக்கும் அது வேண்டும்.

மலேரியாவிலும் இந்த வித்தியாசம் தெரிகிறது. கென்யா எல்லைக்குப் பக்கத்தில், உகாண்டாவில் நகொங்கேரா என்ற ஊரில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2020இல் வெளியாயிற்று. ஜுரம் இல்லாமலே ரத்தத்தில் மலேரியாக் கிருமியோடு நடமாடுபவர்கள் அங்கே ஏராளம். அப்படி ஒட்டிக் கொண்ட கிருமியைப் பெண்களின் உடம்பு ஆண்களைவிடச் சீக்கிரமாகத் துடைத்துப் போட்டுவிடுகிறதாம். எலிகளுக்கு வேறொரு வகை மலேரியாத் தடுப்பு ஊசி போட்டுப் பார்த்த போதும், வளர்ந்த பெண் எலிகளுக்குத்தான் பாதுகாப்பு அதிகம்.

அதே பெண் உண்டாகிவிட்டால் எல்லாம் தலைகீழ்! நஞ்சுக்கொடியில் போய் ஒட்டிக் கொள்வதற்கென்றே தோதான கிருமிகள் இருக்கின்றன. அதற்கு முன் அந்த வேஷத்தில் அவற்றை உடம்பு பார்த்ததே இல்லை. அதனால் தலைப் பிரசவக்காரிக்குத்தான் ஆபத்து அதிகம். ரத்த சோகை, எடை குறைந்த குழந்தை, சில சமயம் சாவு. அடுத்தடுத்த பிரசவங்களில் உடம்பு கற்றுக் கொண்டு விடுகிறது. அந்த ஊர்களில் கர்ப்பிணிகளுக்கு மலேரியா மாத்திரையைக் குறித்த காலத்தில் கொடுப்பது இதற்காகத்தான்.

"சரி, ஆறு மாதக் குழந்தைக்கு எந்த ஹார்மோன் வந்தது?" என்று கேட்டேன். அங்கேதான் விஷயம் சிக்கல் என்றார் டாக்டரம்மா. பிறந்த முதல் சில மாதங்கள் ஆண் குழந்தைகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஒரு தடவை எகிறி, ஆறு மாதத்துக்குள் இறங்கி விடும். எக்ஸ் க்ரோமோசோமோ பிறவியிலிருந்தே உண்டு. அதனால் குழந்தைகளிடம் வித்தியாசமே இருக்க முடியாது என்று தள்ளிவிடவும் முடியாது. 'பெண் குழந்தைகள் இறந்தது இதனால்தான்' என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை.

அது வெறும் தற்செயலாகவும் இருந்திருக்கலாம். அந்தச் சோதனை சாவைப் பெண், பையன் என்று பிரித்து எண்ணுவதற்காக நடத்தப்பட்டதல்ல. கூடை நிறைய நாணயங்களைச் சுண்டிப் போட்டால் ஏதாவது ஒரு மூலையில் தலையாகவே விழுந்து கிடக்கும் அல்லவா, அந்த மாதிரி. வேறு சிலர் இன்னொரு வேடிக்கையான சந்தேகம் எழுப்பினார்கள். சற்றுப் பெரிய குழந்தைகளில் மலேரியா ஊசி போடாத கூட்டத்துக்குப் போட்டது வெறிநாய்க்கடித் தடுப்பு ஊசி. மூளைச் சவ்வு அழற்சியை அந்த ஊசிதான் எப்படியோ தடுத்து விட்டதோ, அதனால்தான் எதிர்ப்பக்கம் கூடுதலாகத் தெரிந்ததோ என்று!

158 இடங்களில் ஒரு பரீட்சை

எது நிஜம் என்று வாதாடிக் கொண்டிருந்தால் தீராது. எண்ணித்தான் பார்க்க வேண்டும். 2019இல் மலாவி, கானா, கென்யா மூன்று நாடுகளிலும் மலேரியா அதிகமுள்ள பிரதேசங்களை 158 இடங்களாகப் பிரித்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பாதி இடங்களில் ஊசியை வழக்கமான தடுப்பு ஊசிகளோடு சேர்த்துப் போடுவது, மீதிப் பாதியில் பின்னால் போடுவது என்று ஏற்பாடு. மலாவியில் ஏப்ரல் 23ஆம் தேதி தொடங்கினார்கள். கென்யாவில் செப்டம்பர் 13ஆம் தேதி. ஊசி போட வராத வீடுகள் உட்பட, அந்தப் பிரதேசங்களில் எந்தக் குழந்தை இறந்தாலும் ஊர்க்காரர்கள் மூலம் தெரிந்து, எழுதி வைத்தார்கள், பெண்ணா பையனா என்று சேர்த்து.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. அதைச் சொல்லாமல் போக முடியாது. பெண் குழந்தைகளைப் பற்றிய சந்தேகம் தீராத நிலையில்தான் அந்த ஊசி தொடங்கியது. அதைத் தீர்ப்பதும் அந்த ஏற்பாட்டின் ஒரு நோக்கம். ஆனால் பெண்ணை இடுப்பில் தூக்கிக் கொண்டு வந்த தாயிடம், மற்ற ஆராய்ச்சிகளில் செய்வது போல விவரம் சொல்லிக் கையெழுத்து வாங்கவில்லை. வந்தால் சம்மதம் என்று எடுத்துக் கொண்டார்கள். 2020இல் பீட்டர் டோஷி என்பவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைக் காரசாரமாக எழுதினார். இது அந்தந்த நாட்டு அரசாங்கத்தின் வழக்கமான தடுப்பு ஊசித் திட்டம், தாய்மாருக்கு விஷயம் சொல்லித்தான் போடுகிறார்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் பதில். என் தங்கை பெண்ணைக் கேட்டேன். "பெரியவனுக்குப் போட்டப்போ என்கிட்டே ஒண்ணும் சொன்னதா ஞாபகமில்லையே, பெரியம்மா" என்றாள். சொன்னால் பயந்து ஓடி விடுவார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. சொல்லாமல் விட்டதால்தான் பக்கத்து வீட்டுக்காரி வாயால் அரையும் குறையுமாகத் தெரிய வந்தது.

ஆனால் எண்ணிக்கையில் குறை சொல்ல இடமில்லை. 2021 அக்டோபருக்குள் அந்த மூன்று நாடுகளிலும் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் குறைந்தது ஓர் ஊசியாவது போட்டிருந்தார்கள். ஊசி போட்ட இடங்களில் பெண் குழந்தைகளின் சாவு கூடவில்லை. மூளைச் சவ்வு அழற்சி கூடவில்லை. மூளை மலேரியாவும் கூடவில்லை. பழைய சோதனையில் தெரிந்த மூன்று சந்தேகங்களும் இந்தப் பெரிய கணக்கில் கரைந்து போயின. அக்டோபர் 6ஆம் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் இந்த ஊசியை ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் பரவலாகப் போடலாம் என்று சிபாரிசு செய்தது. 2023இல் இன்னொரு கணக்கு வந்தது: ஊசி வந்த பிரதேசங்களில், போட வேண்டிய வயதுக் குழந்தைகளின் மொத்தச் சாவே 13 சதவிகிதம் குறைந்திருந்தது. அதில் பெண், பையன் வித்தியாசம் இல்லை.

13 சதவிகிதம் கொஞ்சம்தானே என்று எனக்குத் தோன்றியது. டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "மலேரியாச் சாவில் மட்டும் இல்லை. விபத்து தவிர்த்து எல்லாச் சாவிலும் சேர்த்துப் பதிமூன்று! எல்லாக் குழந்தைகளும் ஊசி போட்டுக் கொள்ளவும் இல்லை. போட்டது, போடாதது எல்லாம் சேர்ந்த கணக்கு இது" என்றார்.

இப்போது இரண்டாவதாக ஆர்21 என்ற மலேரியா ஊசியும் வந்து விட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் கண்டுபிடித்து, நம் புனாவில் சீரம் இன்ஸ்டிட்யூட்டில் தயாராகிறது. 2023 அக்டோபரில் அதற்கும் சிபாரிசு கிடைத்தது. அதிலும் அதே சோப்பு மரப்பட்டைச் சரக்குதான் துணைப்பொருள். முதல் ஊசியின் தயாரிப்பு முறையும் ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் கம்பெனிக்குக் கைமாறி வருகிறது. ஆனால் நம் நாட்டுத் தடுப்பு ஊசி அட்டவணையில் இரண்டுமே இல்லை. இரண்டும் ஃபால்சிபாரத்துக்கு மட்டுமே குறி வைத்தவை. நம்மூரில் விவாக்ஸ் என்ற வகையும் நிறைய. அதற்கு இவை உதவா. ஆகவே யாரும் மருந்துக் கடையில் போய்க் கேட்டு அலைய வேண்டாம்.

வியாழக்கிழமை

புதன்கிழமை ராத்திரி என் தங்கை பெண்ணைக் கூப்பிட்டேன். படித்ததை எல்லாம் சொன்னேன், ஒளிக்காமல். 1.91 மடங்கையும் சொன்னேன், 158 இடங்களையும் சொன்னேன். "பழைய கதைதான். ஆனால் கட்டுக்கதை இல்லை. நிஜமாக வந்த சந்தேகம், நிஜமாகப் பார்த்துத் தீர்ந்தது" என்றேன்.

"நீங்களா இருந்தா போடுவேளா, பெரியம்மா?"

"போடுவேன். அந்த ஊரில் இருந்து கொண்டு போடாமல் இருக்க மாட்டேன்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எனக்குப் பயமா இருந்தது ஊசியை நினைச்சு மட்டும் இல்லை" என்றாள். "பையனுக்குப் போட்டுட்டுப் பொண்ணுக்குப் போடாம விட்டு, நாளைக்கு அவளுக்கு மலேரியா வந்தா என்ன பண்றதுன்னும்தான்."

மற்ற விஷயங்களையும் சொல்லி வைத்தேன். போட்ட அன்றும் மறுநாளும் ஜுரம் வரலாம். டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுக்கு மேல் ஜுர மருந்து கொடுக்கக் கூடாது. உடம்பு கொதித்தால் போர்த்தி மூடாமல், லேசான துணி போட்டு, பால் கொடுத்துக் கொண்டே இருக்க வேண்டும். அபூர்வமாகச் சில குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் ஜுரத்தோடு வலிப்பு வருவதுண்டு. வந்தால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி. பிற்பாடு எந்த ஜுரம் வந்தாலும் 'ஊசிதான் போட்டாச்சே' என்று இருக்காமல் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். கொசு வலையை மட்டும் ஒரு நாளும் அவிழ்க்கக் கூடாது. முழுக்கத் தடுக்கும் ஊசி இல்லையே இது! கென்யாவில் ஆறு, ஏழு, ஒன்பதாம் மாதங்களில் மூன்று ஊசி. நாலாவது இரண்டு வயதில். அதற்குள் ஞாபகம் போய்விடும். நாலாவதைத் தவற விடக் கூடாது என்பதை இரண்டு தடவை சொன்னேன்.

வியாழக்கிழமை போட்டுக் கொண்டு வந்து விட்டாள். அன்றிரவு குழந்தைக்கு நூற்றியொரு டிகிரி. ராத்திரி பூராவும் மடியிலேயே வைத்துக் கொண்டு, மணிக்கு ஒரு தடவை எனக்கு மெசேஜ். எனக்கும் தூக்கம் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு ஜுரம் இறங்கிப் பால் குடித்தது என்று வந்த பிறகுதான் கண்ணை மூடினேன்.

மறுநாள் போட்டோ அனுப்பியிருந்தாள். குழந்தையின் தொடையில் சின்னப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் அண்ணன்காரன், தானும் அதே இடத்தில் ஒரு பஞ்சை ஒட்டிக் கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பின்னால் சுவரில் காலண்டர். அதில் இந்த வருஷத் தாள்கள்தானே இருக்கும்? நாலாவது ஊசித் தேதியை எதில் எழுதுவது என்று தெரியாமல், சமையலறைக் கதவின் உட்புறத்திலேயே சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறாளாம்.